கோட்டம் எடுப்பவர்கள்

கூட்டாக மலையேறிய மோட்டார் சைக்கிள்கள் வீடு திரும்பிய பிறகு நடப்பவற்றை எவரும் எழுதுவதில்லை. புறப்பாடு எழுதப்படுகிறது, வளைவுகளும் பனியும் தேநீர்க்கடைகளும் எழுதப்படுகின்றன. கைப்பிடியில் புதிதாகத் தோன்றிய நடுக்கமும், மறுநாள் காலையில் உயிர்பெற மறுக்கும் என்ஜினும், பட்டறை வாசலில் கழியும் ஞாயிறுகளும் பயணக் கட்டுரைகளுக்கு வெளியே நின்றுவிடுகின்றன. நம் கருத்தில் எழுதத் தகுந்தது அந்தப் பின்பகுதியே. பழுதுபார்த்தல் என்னும் அறிவு இன்று யார் கையிலிருந்து யார் கைக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்பது அங்கேதான் கண்கூடாகத் தெரிகிறது.

சென்னையின் மேற்குப் புறநகர்வாசிகளுக்கு இது அயலான செய்தியன்று. அம்பத்தூரிலிருந்தும் ஆவடியிலிருந்தும் புறப்படுபவர்கள் பூந்தமல்லியில் ஒன்றுகூடி, பெங்களூர் நெடுஞ்சாலையைப் பிடித்து, ஏறத்தாழ 230 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஏலகிரிக்குச் சென்று வருவது விடுமுறை வழக்கங்களுள் ஒன்று. ஏலகிரிச் சாலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் புலவர்கள், வள்ளல்கள் பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள். கம்பரும் கபிலரும் ஔவையாரும் பாரியும் வளைவுக்கொருவராக நிற்கிறார்கள். தேரை முல்லைக்குக் கொடுத்துவிட்டு நடந்த பாரியின் பெயரை ஒரு வளைவுக்கு வைத்தவர் நகைச்சுவை அறிந்தவராகத்தான் இருக்கவேண்டும்.

ஏறும்போது இல்லாத தொல்லை இறங்கும்போது வருகிறது. கூட்டத்தில் செல்பவர் தம் வேகத்தில் செல்வதில்லை. முன்னால் செல்பவரின் வேகத்தில் செல்கிறார். வளைவுதோறும் பிரேக்கை அழுத்தியபடியே இறங்குகிறார். டிஸ்க் பிரேக்கின் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. நாட்பட்டு ஈரமேறிய எண்ணெய், உரசலின் சூட்டில் விரைவாகக் கொதித்துக் குமிழிவிடும். அப்போது பிரேக் பிடி பஞ்சை அழுத்துவதுபோல் உள்ளே போய்விடும், வண்டி நிற்காது. இரண்டாம் கியரில் இறங்கினால் என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். இது புதிய செய்தி அன்று, ஆனால் முன்னவரைத் தவறவிடக் கூடாது என்ற பதற்றத்தில் முதலில் மறந்துபோவதும் இதுதான்.

எங்கள் கூட்டத்தின் அண்மைப் பயணத்தில் எட்டு வண்டிகளில் நான்கு குறையோடு திரும்பின. ஒன்றில் கிளட்ச் கேபிள் அறுந்தது, வழியிலேயே மாற்றிக்கொண்டோம். நெடுஞ்சாலைப் பள்ளம் ஒன்றில் அடுத்தடுத்து விழுந்த இரு வண்டிகளில் ஒன்றுக்குக் கம்பிச் சக்கரம் வளைந்தது. மற்றொன்றின் அலாய் சக்கரத்தில் மயிரிழை விரிசல் கண்டது. நான்காவதில் என்ஜின் விளக்கு அணைய மறுத்தது.

வளைந்த சக்கரத்தை முதலில் ஒரு நிறுவனச் சேவை மையத்துக்குக் கொண்டுபோனோம். முகப்பில் இருந்த இளைஞர் சக்கரத்தைத் தொட்டும் பார்க்கவில்லை. கணினியில் எண்ணைத் தட்டி, முழுச் சக்கரத்தையும் மாற்றவேண்டும் என்றும் பொருள் வரப் பத்து நாளாகும் என்றும் சொன்னார். அவர்மீது நமக்கு வருத்தமில்லை. அவருக்கு அளிக்கப்பட்ட பயிற்சி அவ்வளவே.

ஆவடிப் பக்கம் ஒரு பட்டறை. மெக்கானிக்குக் கட்டாயம் அறுபது வயதிருக்கும். சக்கரத்தைக் கழற்றித் தாங்கியில் மாட்டிச் சுழலவிட்டார். "கோட்டம்தான் சார், எடுத்துடலாம்" என்றார். சுழலும் விளிம்புக்கு அருகே ஒரு சாக்பீஸை அசையாமல் பிடித்தார். விளிம்பு எங்கே புடைத்திருந்ததோ அங்கே மட்டும் வெள்ளைக் கோடு விழுந்தது. அந்த இடத்தில் ஒருபக்கக் கம்பிகளின் நிப்பிளைக் கால் சுற்றுத் தளர்த்தி, எதிர்ப்பக்கக் கம்பிகளைக் கால் சுற்று இறுக்கினார். மறுபடி சுழற்றினார். கோடு சற்று நீண்டு, மங்கி விழுந்தது. இப்படி முக்கால் மணி நேரம். இடையிடையே கம்பிகளைத் திருப்புளியால் தட்டி ஓசை கேட்டார். தளர்ந்த கம்பி மந்தமாகப் பேசும். இறுகிய கம்பி கணீரென்று பேசும். இறுதியில் விளிம்பு முழுவதும் ஒரே சீராக வெண்மை படிந்தது.

விரிசல் கண்ட அலாய் சக்கரத்தைக் காட்டியபோது கையை எடுத்துவிட்டார். "இத ஒட்டித் தர ஆளு இருக்காங்க சார். நீங்க போகாதீங்க. புதுசு வாங்கிடுங்க." எதைச் சீர்செய்யக் கூடாது என்பதும் அவருடைய அறிவில் அடங்கும். மாற்றவேண்டியதை மாற்று என்று அவரும் சொல்கிறார், சேவை மையமும் சொல்கிறது. அவர் பார்த்துவிட்டுச் சொல்கிறார்.

கோட்டம் என்ற சொல்லிடம் சற்று நிற்கவேண்டும். நடுவுநிலைமை அதிகாரத்தில் வள்ளுவர் சொல்லுக்கும் உள்ளத்துக்கும் ஆண்ட சொல் அது. வகுப்பறையில் அதற்கு 'வளைவு, கோணல்' என்று உரை சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். சைக்கிள் கடையில் அது உரை வேண்டாத வழக்குச் சொல்லாக வாழ்கிறது. அதேபோல் வேலை மிகுந்த நாளில் 'பெண்டு நிமிர்ந்துவிட்டது' என்கிறோம். பட்டறையில் பெண்டு எடுப்பது உவமை அன்று, கூலிக்குச் செய்யும் வேலை. பழஞ்சொல்லும் கடன்சொல்லும் ஒரே கறைபடிந்த கையில் வேற்றுமையின்றிப் புழங்குகின்றன. தனித்தமிழா கலப்புத் தமிழா என்று நாம் ஆண்டுக்கணக்காக மேடையில் வாதிட்டுக்கொண்டிருக்க, பட்டறை தன் சொற்களைத் தானே தேர்ந்துகொண்டுவிட்டது.

இத்தகைய கைகள் இந்தப் பகுதியில் மிகுந்திருப்பது தற்செயல் அன்று. அம்பத்தூரில் டிஐ சைக்கிள்ஸ் 1949இல் தொடங்கியது. பாடியில் 1960களில் சக்கரத்துக்கு வீல்ஸ் இந்தியா, மின்கருவிகளுக்கு லூகாஸ் டிவிஎஸ், பிரேக்குக்கு பிரேக்ஸ் இந்தியா என்று ஆலைகள் வரிசையாக எழுந்தன. ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965இல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. இவற்றுக்குச் சிறு பாகங்கள் செய்துதரவே அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் லேத்துப் பட்டறைகளில் பல பிழைத்தன. நமக்குத் தெரிந்த மெக்கானிக்குகளில் பலர் ஏதோ ஒரு லேத்தின் அருகே பையனாக நின்று கற்றவர்கள். அந்த மெக்கானிக்குகளிடம் வந்து சேர்ந்தது 1955இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா திருவொற்றியூரில் செய்த புல்லட். வலக்காலில் கியரும் இடக்காலில் பிரேக்கும் கொண்ட பழைய புல்லட்டை உயிர்ப்பிப்பதே ஒரு சடங்கு. டிகம்ப்ரஸரை அழுத்தி, அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை மெல்ல மிதித்து, பிறகுதான் உதைக்கவேண்டும். ஓட்டுபவரும் பாதி மெக்கானிக்காக இருக்கவேண்டியிருந்தது.

அந்தக் காலத்துக்காக ஏங்குவது நம் நோக்கமன்று. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 மாசு விதிகள் நடைமுறைக்கு வந்தபின், புதிய வண்டிகளில் கார்புரேட்டர் பெரும்பாலும் ஒழிந்து எரிபொருளைக் கணினி பீய்ச்சும் முறை வந்துவிட்டது. நல்லதே. ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரமுள்ள ஏலகிரியில் காற்று மெலிவதற்கேற்ப இந்தக் கணினி தானே கலவையைத் திருத்திக்கொள்கிறது. கார்புரேட்டர் வண்டியோ சற்றுத் திணறும். ஏபிஎஸ் பிரேக் எத்தனை பேரைச் சறுக்காமல் காத்திருக்கும் என்பதையும் மறுப்பதற்கில்லை.

வண்டி நுட்பமடைந்ததில் குறை காண ஒன்றுமில்லை. அந்த நுட்பத்துக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை நிறுவனமே வைத்துக்கொள்வதுதான் வழக்கு. பழுதுக்குறியைப் படிக்கும் கருவி, மென்பொருள், மின்கம்பி வரைபடம் எதுவும் தெருமுனைப் பட்டறைக்கு எளிதில் கிடைப்பதில்லை. கார்களில் இந்த வழக்கு முன்பே நடந்துவிட்டது. உதிரிப் பாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் தடுத்ததற்காக 14 கார் நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. நிறுவனங்கள் மேல்முறையீடு என்று போயின. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'பழுதுபார்க்கும் உரிமை' குறித்து ஒரு குழுவை அமைத்தது. அது எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் வாகனங்களும் ஒன்று. ஐரோப்பிய ஒன்றியமோ 2013இலேயே இருசக்கர வண்டிகளுக்கான தன் விதிமுறையில், பழுதுபார்க்கும் தகவல்களை வெளிப் பட்டறைகளுக்கும் தரவேண்டும் என்று எழுதிவிட்டது. உலகில் இவ்வளவு இருசக்கர வண்டிகள் ஓடும் நாட்டில் இதை ஏன் குழுக்களிடம் விட்டுவைத்திருக்கவேண்டும்? குறிப்பேடும் பழுதுக்குறிப் பட்டியலும் விலை கொடுத்தேனும் எந்த மெக்கானிக்கும் வாங்கக்கூடியதாக இருக்கவேண்டும் என்பதே நம் கோரிக்கை. தமிழ்நாட்டில் விற்கும் வண்டிக்கு அவை தமிழிலும் இருக்கவேண்டும்.

தமிழில் என்பது அலங்காரக் கோரிக்கை அன்று. அணையாத விளக்கோடு வந்த நான்காவது வண்டியை அதே ஆவடி மெக்கானிக் பார்த்தார். விளக்கு நீளமாக எத்தனை முறை, குறுக்காக எத்தனை முறை சிமிட்டுகிறது என்று எண்ணினார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்தார். எந்தச் சிமிட்டலுக்கு எந்தக் கோளாறு என்று, வந்துபோன வண்டிகளிலிருந்து தாமாகத் தெரிந்துகொண்டதைப் பென்சிலால் தமிழில் எழுதி வைத்திருந்தார். சில வரிகள் அடிக்கப்பட்டு மேலே திருத்தப்பட்டிருந்தன. பிழை ஆக்ஸிஜன் சென்சாரின் கம்பி இணைப்பில் என்றார். மண் புகுந்திருந்த இணைப்பைத் துடைத்து மாட்டியதும் விளக்கு அணைந்தது. கூலி 150 ரூபாய்.

கரிசல் மண்ணின் சொற்களை 1982இல் கி. ராஜநாராயணன் அகராதியாக்கினார். கொங்குச் சொற்களை 2000இல் பெருமாள்முருகன் தொகுத்தார். வயலுக்கும் தோட்டத்துக்கும் செய்ததைத் தொழிற்பேட்டைக்கும் செய்ய ஆள் வேண்டும். நம் ஆய்வேடுகளில் பாதியேனும் சங்கப் பாடல்களில் இன்னுமொரு முறை உவமை எண்ணுவதை விட்டு இந்தப் பக்கம் வந்தால் குடி முழுகிவிடாது. முதுகலை மாணவர்கள் இருவரை அம்பத்தூர்ப் பட்டறைகளுக்கு அனுப்பலாம் என்றிருக்கிறோம். பெரியவர் நோட்டைப் படியெடுக்க இசைந்திருக்கிறார். ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு மேல், கடையில் கூட்டம் குறைந்த பிறகு வரச்சொல்லியிருக்கிறார்.