காணியை விற்க முதல்

மூளை இரத்தக்குழாய் ஒடுங்கிட்டு என்றதும் "ஸ்டென்ட் வெச்சா சரி" என்று காணி விற்கக் கிளம்புகிறோம். இதயத்துக்கு வைப்பது போலத்தானே என்ற நினைப்பு.

அமெரிக்காவில் நடந்த சாம்ப்ரிஸ் ஆய்வைப் பாருங்கள். 70 முதல் 99 வீதம் ஒடுங்கி, அண்மையில் பாரிசவாதமோ அதன் முன்னறிகுறியோ வந்த 451 பேர். எல்லோருக்கும் அஸ்பிரின், 90 நாள் குளோபிடோக்ரெல், பிரஷர், கொலஸ்ட்ரோல் கட்டுப்பாடு. பாதிப்பேருக்கு மேலதிகமாக ஸ்டென்ட். 30 நாளுக்குள் பாரிசவாதமோ மரணமோ வந்தது ஸ்டென்ட் வைத்தோரில் 14.7 வீதம், மருந்து மட்டும் எடுத்தோரில் 5.8 வீதம். 2011இல் ஆட்சேர்ப்பையே நிறுத்திவிட்டார்கள். மூளைக்குழாய் மெல்லியது, சிறு கிளைகள் அடைபடும், இரத்தமும் கசியும்.

மருந்துக்கு அடங்காத சிலருக்கு ஸ்டென்ட் தேவைப்படலாம், அதை டொக்டர் சொல்லட்டும். எனக்குப் பயம், "சுகமாயிட்டு" என்று பிரஷர் குளிசையைப் பாதியில் விடும் நம் வீட்டுப் பழக்கம்தான். வாப்பாவின் கிளினிக் கொப்பியை எடுத்துப் பாருங்கள், கடைசியாகப் போன திகதி எப்போ?