பழைய படகுக்குப் புது யந்திரம் - எது வாங்கலாம்?

காஞ்சிபுரத்தில் ஜலத்தில் மிதக்கும் வாகனத்தைப் பார்க்க வேண்டுமானால் தெப்பத் திருநாளுக்குத்தான் காத்திருக்க வேண்டும். அதற்கு யந்திரமும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். கயிறு கட்டி இழுத்தால் போதும்! இந்தப் பட்டு ஊருக்கும் படகு யந்திரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம்.

சம்பந்தம் பழையது. காஞ்சியில் இருந்து ஆண்ட பல்லவர்களுக்கு மாமல்லைதான் துறைமுகம். ஊரை ஒட்டிப் போகும் பாலாறு வயலூர் அருகே கடலில் சேருகிறது. 1997 முதல் 2019 வரை கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் எல்லாம் காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே இருந்தன. 2019-ல் செங்கற்பட்டு தனி மாவட்டமானதும் காஞ்சிக்குக் கடல் இல்லாமல் போயிற்று. படகுக்காரரின் கவலை மட்டும் போகவில்லை.

எத்தனை குதிரை?

2004 டிசம்பர் 26-ந் தேதி ஆழிப் பேரலை வந்து போன பிறகு, கரை நெடுகக் கட்டுமரம் குறைந்து கண்ணாடி இழைப் படகுகள் பெருகின. அவற்றில் பலவற்றுக்கு இன்று இருபது வயது ஆகிவிட்டது. உடம்பு ஒட்டுப்போட்டு ஓடுகிறது; யந்திரம் மூச்சு விட்டுவிட்டது. புதிது வாங்க வேண்டும். கையில் பணம் இல்லை, கடன்தான். உடனே நாலு பேர் வந்து, "பத்துக் குதிரை போதாது, பதினைந்தாகப் போடு, பறக்கும்!" என்பார்கள்.

பறக்காது. நீரைக் கிழித்துக்கொண்டு போகும் படகின் வேகத்துக்கு அதன் நீளமே ஒரு வரம்பு போடுகிறது. வலையும் மீனும் ஏற்றிய 25 அடிப் படகு மணிக்கு சுமார் ஆறரை கடல் மைலுக்கு மேல் லேசில் போகாது. அதற்கு மேல் ஊட்டும் சக்தியெல்லாம் பின்னால் பெரிய அலை எழுப்பத்தான் பயன்படும். அந்த அலைக்கும் சேர்த்து எண்ணெய் வாங்க வேண்டும். இதையே திருப்பிப் பார்த்தால் லாபம். வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால், மணிக்கு ஆகும் எண்ணெய் ஏறக்குறைய பாதியாகும்.

காஞ்சி நெசவாளர் புது ஜக்கார்டுப் பெட்டி வாங்குமுன் என்ன செய்கிறார்? தறியின் சட்டம் தாங்குமா, கூரை உயரம் போதுமா என்று பார்க்கிறார். படகுக்காரரும் முதலில் பின்பலகையைப் பார்க்க வேண்டும். கண்ணாடி இழைக்கு உள்ளே இருப்பது மரப்பலகை. திருகாணித் துளை வழியாக நீர் இறங்கி அது ஊறிப் போயிருக்கும். மரச் சுத்தியால் தட்டினால் 'டக் டக்' என்று கேட்க வேண்டும். 'தொப் தொப்' என்றால் பலகையை மாற்றாமல் யந்திரம் வாங்கக் கூடாது. நடுக்கடலில் பலகையோடு யந்திரமும் போய்விடும்!

டீசலா, மண்ணெண்ணெயா?

அவுட்போர்டு மோட்டார் அழகான சரக்குதான். 1909-ல் அமெரிக்காவில் ஓலே எவின்ரூட் என்பவர் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தார். காதலிக்கு ஐஸ்கிரீம் வாங்க ஏரியைத் துடுப்புப் போட்டுக் கடந்து, அது உருகிப் போனதில் பிறந்த யோசனை என்று சொல்வார்கள். நம் கரையில் மண்ணெண்ணெயில் ஓடும் இரண்டு ஸ்ட்ரோக் ரகம் பிரபலம். பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. இலேசு, ஒருவரே கழற்றித் தூக்கலாம். ஆனால் குடி அதிகம்! ஒரு குதிரைசக்திக்கு மணிக்கு சுமார் அரை லிட்டர். டீசலுக்கு ஏறத்தாழ கால் லிட்டர். பத்துக் குதிரை நாலு மணி நேரம் முழு வேகத்தில் ஓடினால் ஒன்றுக்கு இருபது லிட்டர், மற்றதற்குப் பத்து லிட்டர். மானிய விலை மண்ணெண்ணெய் கிடைக்கிற நாளில் இந்த வித்தியாசம் உறைக்காது. ஒதுக்கீடு தீர்ந்து வெளி விலைக்கு வாங்கும் நாளில் உறைக்கும்.

நீள வால் டீசல் யந்திரம் கனம், சத்தம் காதைப் பிளக்கும், கை அதிரும். இருந்தும் தினம் கடலுக்குப் போகும் பழைய படகுக்கு அதுவே உசிதம். துறைமுகம் இல்லாத மணற்கரையில் அலைமேல் ஏறி வந்து ஒதுங்க வேண்டும். அந்தச் சமயத்தில் தண்டைத் தூக்கிவிட்டால் விசிறி மணலில் முட்டாது. காற்றில் குளிரும் ரகமானால் உப்புநீர் உள்ளே போய் அரிக்கும் தொல்லையும் இல்லை. எட்டு அல்லது பத்துக் குதிரை தாராளம். அடிக்கடி யந்திரத்தைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியவரும், தொலைவுக்கு எப்போதோ போகிறவரும் அவுட்போர்டு வாங்கட்டும். அவர்கள் பின்பலகை உயரத்தை அளந்துகொண்டு போவது நல்லது. குட்டைத் தண்டு 15 அங்குலம், நெட்டைத் தண்டு 20 அங்குலம். மாற்றி வாங்கினால் விசிறி காற்றைத்தான் கடையும்.

மின்சார மோட்டார்? உப்பங்கழி உலாவுக்குச் சரி. வலைப் படகுக்கு மின்கலத்தின் விலையும் கனமும் இன்னும் கட்டுப்படியாகாது.

எதை வாங்கினாலும், குப்பத்தில் எந்த யந்திரத்தைப் பழுது பார்க்க ஆள் இருக்கிறது, உதிரி சாமான் எத்தனை நாளில் வரும் என்பதைக் கடைக்காரரிடம் கேட்காமல் பக்கத்துப் படகுக்காரரிடம் கேட்க வேண்டும். மானியத்துக்கு மனுப் போட்டவர்கள், அனுமதி கைக்கு வருமுன் முன்பணம் கட்ட வேண்டாம். புதிதும் அதே ரகமாக இருந்தால் பழைய யந்திரத்தை எடைக்குப் போடவும் வேண்டாம். அதன் கார்புரேட்டரோ பம்போ ஒரு நாள் உதவும்.