கப்பல் ஏறிய பூனையும் கரையில் மறந்த பெயரும்



பள்ளி விடுமுறைக்குத் திருகோணமலை வந்திருந்த தங்கையின் பிள்ளைகளைப் பிரெட்ரிக் கோட்டை பார்க்கக் கூட்டிப் போயிருந்தேன். கோட்டை வாசலைத் தாண்டியதுமே புள்ளிமான்கள். மர நிழலில் சில படுத்திருந்தன. சில நம் கையைப் பார்த்தபடி பின்னாலேயே வந்தன. உள்ளே இராணுவ முகாம் இருப்பதைக் கண்ட சின்னவள் கேட்டாள்:

"பெரியும்மா, இது ஆமிக்காரர் வளர்க்கிற மானா? இதுக்குப் பேர் என்ன?"

"மானுக்கு எங்கே மகள் பேர்?" என்றேன்.

"சுதந்திர தின ஊர்வலத்தில் வருகிற யானைக்குப் பேர் இருக்குதே!" என்றாள்.

பிள்ளை சொன்னது சரிதான். இலங்கை இலகு காலாட்படை என்று எழுதினாலும், மக்கள் வாயில் அது 'லைட் இன்ஃபென்ட்ரி'தான். அந்தப் படைப்பிரிவு 1961 முதல் ஒரு யானையைத் தன் அடையாளமாக வைத்திருக்கிறது. ஒன்றுக்குப் பின் ஒன்றாக வரும் யானைகள் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், கந்துல. துட்டகைமுனு மன்னனின் யானைக்கு இருந்த பெயர் அது. இப்படிப் படைகள் செல்லமாக வைத்துக்கொள்ளும் மிருகத்தை ஆங்கிலத்தில் மாஸ்கொட் என்பார்கள். அதிர்ஷ்டம் தரும் பிராணி என்பது அவர்கள் நம்பிக்கை. அதிர்ஷ்டம் யானையிலும் இல்லை, பூனையிலும் இல்லை என்பது நமக்குத் தெரியும். ஆனால் அந்த வழக்கத்துக்குள்ளே ஒரு மனிதக் கதை இருக்கிறது. அதைத்தான் இந்த மாதம் உங்களோடு பேச நினைத்தேன்.

கப்பற்காரர்களுக்கு மிகவும் பிடித்த பிராணி பூனை. காரணம் சாதாரணமானது. கப்பலில் எலி புகுந்தால் மாவு மூட்டையும் போகும், கயிறும் போகும், நோயும் வரும். நம் அடுப்படியில் பூனை எதற்கோ, கப்பல் அடுப்படியிலும் அதற்குத்தான்.

அப்படி ஏறிய பூனைகளில் பேர் பெற்றது சைமன். 1948இல் ஹொங்கொங் துறைமுகத்தில் ஓர் இளம் மாலுமி கண்டெடுத்து, 'அமெதிஸ்ட்' என்ற பிரித்தானியப் போர்க்கப்பலுக்குக் கொண்டுபோன கறுப்பு வெள்ளைப் பூனை. 1949 ஏப்ரல் 20ஆம் திகதி சீனாவின் யாங்சி ஆற்றில் அந்தக் கப்பல் பீரங்கிச் சூட்டுக்கு உள்ளானது. கப்பல் தலைவர் காயங்களால் உயிரிழந்தார், பலர் மாண்டனர். பூனைக்கும் பலத்த காயம். ஜூலை மாத முடிவு வரை கப்பல் ஆற்றிலேயே சிக்கிக் கிடந்தது. உணவு குறைந்துகொண்டே வர, எலிகள் பெருகின. காயம் ஆறி எழுந்த சைமன் மறுபடி எலி பிடிக்கத் தொடங்கியது. படுக்கையில் கிடந்த இளைஞர்களின் பக்கத்தில் போய்ச் சுருண்டு படுத்தும் கொண்டது. தாய் முகம் தேடித் தவித்த பையன்களுக்கு அதுவே பெரிய ஆறுதலாக இருந்தது.

அதே ஆண்டு நவம்பரில், பிரிட்டன் சேர்ந்த பிறகு, நோய்த் தடுப்புக் காவலில் இருந்தபோது சைமன் செத்துப்போனது. போரில் சேவை செய்த மிருகங்களுக்கென்று 1943இல் ஏற்படுத்தப்பட்ட டிக்கின் பதக்கம் அதற்குக் கிடைத்தது. இன்றுவரை அந்தப் பதக்கம் பெற்ற பூனை அது ஒன்றுதான். பெயர் பொறித்த கல்லோடு அதற்கு ஓர் அடக்கத்தலமும் இருக்கிறது. பின்னர் 1975இல், சுகாதாரத்தைக் காரணம் காட்டி, பூனை உட்பட எந்த வளர்ப்புப் பிராணியும் கப்பலில் கூடாதென்று பிரித்தானியக் கடற்படை தடை செய்துவிட்டது.

பூனைக்குட்டியின் தந்தை என்ற பொருளில் அபூஹுரைரா (ரலி) என்று அழைக்கப்பட்ட நபித்தோழரை அறிந்த நமக்கு, ஒரு வாயில்லா ஜீவனுக்குக் காட்டிய இந்த அன்பு வியப்பாக இராது. நான் வியந்தது வேறு ஒன்றைக் குறித்து. வீட்டை விட்டு மாதக்கணக்கில் கடலில் கிடந்த ஆண்கள், வீட்டையே கொஞ்சம் கொஞ்சமாகக் கப்பலுக்குள் கொண்டுபோயிருக்கிறார்கள். அவர்களுடைய பேச்சுவழக்கைப் பார்த்தால் இது நன்றாக விளங்கும்.

ஊசி, நூல், பொத்தான் எல்லாம் வைத்துச் சுருட்டிய சிறு பையொன்று ஒவ்வொரு மாலுமியிடமும் இருக்கும். அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'ஹவுஸ்வைஃப்'. ஆம் சகோதரிகளே, இல்லத்தரசி! கிழிந்த சட்டையைத் தைக்கும்போதுதான் வீட்டுக்காரியின் நினைவு வந்ததோ என்னவோ! உடுப்புத் தைக்கவும் ஒட்டுப் போடவும் விட்ட அரைநாளுக்கு 'மேக் அண்ட் மெண்ட்' என்று பெயர். இப்போது அந்த அரைநாளில் யாரும் தைப்பதில்லை; ஆனாலும் கடற்படையில் அரைநாள் விடுமுறைக்கு இன்னமும் அதுதான் பெயர்.

துணி துவைப்பதை என்ன சொல்வார்கள் தெரியுமா? 'டோபி'. நம் பக்கத்துச் சொல்லேதான். சலவைத் தூளுக்கு 'டோபி டஸ்ட்', அதாவது டோபித் தூசு. வெள்ளைக்கார மாலுமி தன் சொந்தச் சட்டையைத் துவைக்கும்போதும் ஹிந்துஸ்தானிச் சொல்லைத்தான் சொல்கிறான்.

இது ஒன்றல்ல. கட்டுமரம் அவர்கள் நாவில் 'கட்டமரன்' ஆனது. பருவம் என்ற பொருளுள்ள மௌஸிம் என்னும் அரபுச் சொல் 'மொன்சூன்' ஆனது. கடற்படையின் பெருந்தலைவர் 'அட்மிரல்' என்பதற்குள்ளே இருப்பது நம் 'அமீர்'. கப்பல் ஊழியரின் தலைவனுக்குப் பாரசீக வழியில் வந்த பெயர் 'சேரங்'. அவனுக்கு அடுத்தவனுக்கு நம் கரையோரத்துத் 'தண்டல்', ஆங்கிலத்தில் 'டிண்டல்'. தமிழில் நாம் சாதாரணமாகச் சொல்லும் மாலுமி என்ற சொல்லும் அரபியின் 'முஅல்லிம்' என்பதிலிருந்து வந்ததுதான். மத்ரஸாவில் ஓதிக்கொடுப்பவரும் முஅல்லிம், கடலில் வழிகாட்டுபவரும் முஅல்லிம்!

இத்தனை சொற்கள் தாமாகவா கப்பல் ஏறின? சொல்லைச் சுமந்தவன் மனிதன். 'லஸ்கர்' என்று அழைக்கப்பட்ட நம் பக்கத்துக் கடலோடிகள், 1914 அளவில் பிரித்தானிய வணிகக் கப்பல்களில் ஐம்பதாயிரம் பேருக்கு மேல் இருந்தனர். சில்ஹெட், சிட்டகாங், குஜராத், மலபார் என்று பல கரைகளிலிருந்து போனவர்கள். முஸ்லிம்கள் அவர்களில் ஏராளம். கொதிகலனுக்குக் கரி அள்ளிப்போட்டார்கள், சமைத்தார்கள், தளம் கழுவினார்கள். இரண்டாம் உலகப் போரில் கடலில் மாண்ட இந்தியக் கடற்படையினரும் வணிகக் கப்பல் ஊழியருமாக ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் கொண்ட நினைவேடு ஒன்று சிட்டகாங் போர் மயானத்தில் இருக்கிறது. 1982இல் போக்லாந்துப் போரில் ஷெஃபீல்ட், கொவென்ட்ரி என்ற பிரித்தானியக் கப்பல்கள் அழிந்தபோது மாண்டவர்களில் துணி துவைத்த சீனர்களும் இருந்தனர். இவர்கள் பெயரெல்லாம் ஏட்டில் இருக்கலாம். கதையில் இல்லையே! பூனையின் பெயர் உலகத்துக்குத் தெரிகிறது. டோபியின் பெயர் தெரிகிறதா?

பூனைக்குக் கிடைத்ததைக் குறை சொல்லவில்லை. மனிதனுக்குக் கிடைக்காததைத்தான் சொல்கிறேன்.

எங்கள் திருமலையும் இதற்கு விலக்கல்ல. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் இந்தத் துறைமுகத்தின்மேல் குண்டு போட்டன. அதே நாள், இங்கிருந்து வெளியேறிச் சென்றிருந்த 'ஹேர்மிஸ்' என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. முந்நூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அந்தக் கப்பலின் பெயர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. அந்த நாட்களில் இந்தத் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களையும் வள்ளம் வலித்தவர்களையும் யார் எழுதி வைத்தார்?

1957 அக்டோபர் 15இல் பிரித்தானியர் இந்தத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்துப் போனார்கள். கொடி மாறியது, வழக்கங்கள் மாறவில்லை. கரையில் இருக்கும் முகாமையும் கப்பலாகவே எண்ணிக் கப்பற்பெயர் சூட்டுவது அவற்றில் ஒன்று. திருகோணமலையில் உள்ள 'திஸ்ஸ' முகாம் அப்படிப்பட்டதுதான். விருந்தினர் வரும்போது குழலூதி வரவேற்பதும் நிற்கவில்லை. கடற்படைக்காரர் தம் சொல்லையும் வழக்கத்தையும் எவ்வளவு கவனமாகக் காப்பாற்றுகிறார்கள் பாருங்கள்.

நாமோ? கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்படும் வரை, கடவையில் ஆளையும் வாகனத்தையும் ஏற்றிப் போன மிதவைக்கு எங்கள் பக்கத்தில் 'பாதை' என்று பெயர். "பாதை போயிட்டுது, அடுத்த பாதைக்கு நில்லுங்க" என்பது அன்றாடப் பேச்சு. தங்கையின் பிள்ளைகளிடம் இதைச் சொன்னேன். "பாதை எப்படிப் பெரியும்மா போகும்?" என்று விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு தலைமுறைக்குள் சொல் போய்விட்டது. அதை ஓட்டியவர்களின் பெயரும் அதோடு போய்விடும்.

ஆகவே சகோதரிகளே, ஒரு சின்ன வேண்டுகோள். உங்கள் வீட்டில் ஒரு கொப்பியை எடுங்கள். மூத்தவாப்பா, பெரியப்பா, மாமா என்று கடலிலோ துறைமுகத்திலோ உழைத்தவர் யாரும் இருந்தால், அவர் பெயர், ஊர், செய்த வேலை, அவர் வாயில் புழங்கிய நாலு சொல் ஆகியவற்றைப் பிள்ளைகளைக் கொண்டே எழுதுவியுங்கள். உம்மம்மாமார் உயிரோடிருக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஆண்கள் கடலில் இருந்த நாளில் வீட்டைக் கட்டிக் காத்தவர்கள் அவர்கள்தாம். அவர்கள் பெயரையும் சேர்த்தே எழுதுங்கள்.

கோட்டைக்கு வருபவர்களுக்கு இன்னொன்று. பொலித்தீன் பையைக் கண்ட இடத்தில் போடாதீர்கள். சோற்றின் வாசம் பட்ட பையை மான் தின்றுவிடும். தின்றால் வயிற்றில் அடைத்துச் செத்துப்போகும். அன்று நாங்கள் திரும்பும்போது சின்னவள் கையில் கிடந்த நாலைந்து பைகள் இருந்தன. பொறுக்கிக்கொண்டே வந்தவள் ஒரு மானுக்குப் பெயரும் வைத்துவிட்டாள். என்ன பெயரென்று எனக்கு மட்டும் சொல்லியிருக்கிறாள். அடுத்த விடுமுறைக்கு வந்து தேடுவாளாம். அதுவரை அது உயிரோடிருக்க வேண்டும்.