முதலை இருக்கிற தண்ணீரில் பறவை பார்க்கப் போகலாமா?

1/
"டாக்டர், லீவுக்குப் பிள்ளைகளை மைசூர் கூட்டிட்டுப் போறோம். பக்கத்துல ரங்கனதிட்டுன்னு பறவைகள் சரணாலயம் இருக்காம். ஆனா தண்ணியில முதலை கிடக்குதாமே, போலாமா?"

ஓ.பி.யில் சர்க்கரை மாத்திரை வாங்க வந்த அண்ணன் ஒருவர் கேட்டது. பின்னால் வரிசை நின்றதால், "தாராளமா போங்கண்ணே, படகுக்காரர் சொல்றதை மட்டும் கேளுங்க" என்று அனுப்பிவிட்டேன். விரிவான பதில் இந்த இழையில்.

2/
என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பறவை பார்க்கப் போகிற நமக்கு முதலையால் வரும் ஆபத்து மிகக் குறைவு. அதுவும் பெரும்பாலும் நாமே தேடிப் போவது.

ஆனால் ஆற்றங்கரையில் வாழ்ந்து, அந்தத் தண்ணீரிலேயே குளித்துத் துவைக்கும் மக்களுக்கு அது நிஜமான ஆபத்து. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் "எல்லா முதலையையும் பிடி" என்ற கோரிக்கை வருகிறது. அது தவறான மருந்து என்பது என் கருத்து.

3/
முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்ப்போம். ஆங்கிலப் படங்களில் வரும் அலிகேட்டர் நம் நாட்டுக் காடுகளில் கிடையாது. அமெரிக்காவில் ஒரு வகை, சீனாவில் ஒரு வகை, அவ்வளவுதான்.

இந்தியாவில் மூன்று வகை முதலைகள். ஆறு, ஏரி, அணைகளில் வாழும் சதுப்புநில முதலை. கழிமுகங்களில் வாழும் உவர்நீர் முதலை. வட இந்திய ஆறுகளில் மீன் தின்று வாழும் நீள மூக்குக் கரியால். நம்ம குறிஞ்சிப்பாட்டிலும் முதலை, இடங்கர், கராம் என்று மூன்று பெயர் வருகிறது!

4/
தமிழ்நாட்டில் காவிரி, கொள்ளிடம், அமராவதி அணை, சாத்தனூர் அணை, ஒகேனக்கல், மாயாறு என்று இருப்பது சதுப்புநில முதலைதான். ரங்கனதிட்டில் இருப்பதும் இதே வகை.

ரங்கனதிட்டு என்பது ஸ்ரீரங்கப்பட்டணம் பக்கத்தில் காவிரிக்கு நடுவே உள்ள சின்னச் சின்னத் தீவுகள். பறவையியலாளர் சாலிம் அலியின் யோசனைப்படி 1940இல் மைசூர் அரசு இதைச் சரணாலயம் ஆக்கியது. 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

5/
அங்கே மரத்தில் மஞ்சள் மூக்கு நாரையும் கரண்டிவாயனும் கூடு கட்டியிருக்கும். கீழே பாறையில் முதலை வாயைப் பிளந்துகொண்டு வெயில் காயும். முதல் தடவை பார்ப்பவர்களுக்கு வரும் கேள்வி: "இந்தப் பறவைகளுக்கு அறிவே இல்லையா? எமன் தலைக்கு மேல போயா குடும்பம் நடத்தும்?"

உண்மையில் அறிவு இருப்பதால்தான் அங்கே கட்டுகின்றன.

6/
அமெரிக்காவின் ஃபுளோரிடா சதுப்புநிலங்களில் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். அங்கே கொக்கு, நாரைகளின் பெரிய எதிரி ரக்கூன். நம்ம ஊர் மரநாய் மாதிரி மரமேறி முட்டையையும் குஞ்சையும் தின்னும். ஒரு ரக்கூன் கூட்டம் புகுந்தால் ஒரு காலனியே காலி.

மரத்தடித் தண்ணீரில் அலிகேட்டர் கிடந்தால் ரக்கூன் நீந்தி வராது. அதனால் பறவைகள் அலிகேட்டர் இருக்கும் இடத்துக்கு மேலேயே கூடு கட்டுகின்றன.

7/
அலிகேட்டருக்கு இதில் என்ன லாபம்? கூட்டில் குஞ்சுகள் அதிகமாகி, பலவீனமானது கீழே விழும். தாய் ஊட்டும்போது மீனும் சிந்தும். 2016இல் வெளியான ஆய்வில், பறவைக் காலனிக்குப் பக்கத்தில் வாழும் பெண் அலிகேட்டர்கள், காலனி இல்லாத இடத்தில் வாழ்பவற்றைவிட நல்ல உடற்கட்டோடு இருந்தது தெரியவந்தது.

இது பாசம் இல்லை. காவலுக்குச் சம்பளம். கணக்கு வழக்குக்குப் பேர்போன செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை 😀

8/
இன்னொரு சுவாரசியம், நம்ம சென்னையிலிருந்து. கிழக்குக் கடற்கரைச் சாலை வடநெம்மேலியில், 1976இல் ராமுலஸ் விட்டேக்கர் தொடங்கிய முதலைப் பண்ணை இருக்கிறதல்லவா? அங்கே சில முதலைகள் மூக்கின் மேல் குச்சிகளைத் தாங்கியபடி அசையாமல் கிடப்பதை விளாடிமிர் டினெட்ஸ் என்ற ஆய்வாளர் கவனித்தார். மேலே கூடு கட்டும் கொக்குகளுக்குக் குச்சி தேவை. எடுக்க வந்தால் ஆபத்து!

திட்டமிட்டுச் செய்கிறதா, தற்செயலா என்று விஞ்ஞானிகள் இன்னும் சண்டை போடுகிறார்கள். எப்படியானாலும், காவல்காரன் சும்மா காவல் காப்பதில்லை.

9/
"சரி டாக்டர், நம்ம வேட்டங்குடியில முதலையே இல்லையே, அங்க எப்படிப் பறவை வருது?"

அருமையான கேள்வி. மதுரை - திருப்பத்தூர் சாலையிலிருந்து உள்ளே போனால் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். 1977இல் அறிவிக்கப்பட்டது. வேட்டங்குடிப்பட்டி, பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்ன கொள்ளுக்குடிப்பட்டி என்று மூன்று கண்மாய்கள், சுமார் 38 ஹெக்டேர். நத்தைக்குத்தி நாரை, அரிவாள் மூக்கன், பாம்புத்தாரா, வக்கா எல்லாம் கருவேல மரத்தில் கூடு கட்டும்.

10/
அங்கே முதல் காவல், மரத்தைச் சுற்றி நிற்கும் தண்ணீர். நாயோ பூனையோ சுலபமாக வராது. கண்மாய் வற்றினால் அந்தக் காவல் போய்விடும்.

இரண்டாவது காவல், ஊர். பறவைகள் பயந்துவிடும் என்று கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடி மக்கள் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. வனத்துறை அவர்களுக்கு இனிப்பு கொடுத்து நன்றி சொல்வது ஆண்டுதோறும் செய்தியில் வரும். ஃபுளோரிடாவில் அலிகேட்டர் பார்க்கும் வேலையை இங்கே ஊரே பார்க்கிறது. இதைவிட நமக்கு என்ன பெருமை வேண்டும்?

11/
அதனால் என் வாதம் இது. பறவை வேண்டும், அதன் காவல் வேண்டாம் என்று கேட்க முடியாது. காவிரியில் பறவைக் கூட்டம் வேண்டுமென்றால் கீழே முதலை இருக்கட்டும். வேட்டங்குடியில் பறவை வேண்டுமென்றால் கண்மாயில் தண்ணீர் நிற்கட்டும், வெடிச்சத்தம் இல்லாமல் இருக்கட்டும்.

12/
இனி பயத்தைப் பற்றி. கஜேந்திர மோட்சத்தில் யானையின் காலைக் கவ்வியதிலிருந்து, அவிநாசியில் சிறுவனை விழுங்கிய கதை வரை, முதலை நமக்கு நிரந்தர வில்லன். பயம் இயல்புதான். ஆனால் எண்களையும் பாருங்கள்.

13/
அலிகேட்டர்கள் நிறைந்த ஃபுளோரிடாவில் 1948 முதல் 2022 வரை, சீண்டாமலே கடித்த சம்பவங்கள் சுமார் 450. அதில் மரணம் 26. முக்கால் நூற்றாண்டுக்கான கணக்கு இது. (நம்ம சதுப்புநில முதலை, அலிகேட்டரைவிடக் கொஞ்சம் முரடு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.)

இந்தியாவில் பாம்புக்கடியால் இறப்பவர்கள் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் என்கிறது 2020இல் வந்த ஆய்வு. நீரில் மூழ்கி இறப்பவர்கள், தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கில், ஆண்டுக்கு 35,000க்கும் மேல்.

14/
ஆக, பறவை பார்க்கக் கண்மாய்க் கரையில் செருப்பில்லாமல் புல்லுக்குள் நடப்பதும், நீச்சல் தெரியாமல் மடைப்பக்கம் இறங்குவதும்தான் நம்ம பக்கத்துப் பெரிய ஆபத்துகள். ஷூ போடுங்க. கையில் ஒரு கம்பு வச்சுக்கோங்க. பிள்ளைகள் கையைப் பிடிச்சுக்கோங்க. குடிக்கத் தண்ணி எடுத்துட்டுப் போங்க.

15/
முதலை உள்ள இடத்துக்கான விதிகள் தனி. மனப்பாடம் பண்ணிக்கோங்க.

✅ தண்ணீர் விளிம்பிலிருந்து குறைந்தது 5 மீட்டர் தள்ளி நில்லுங்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து அரசு மக்களுக்குச் சொல்லும் அளவு இது.
✅ படகில் கை, கால், கேமரா வார், துப்பட்டா எதுவும் வெளியே தொங்கக் கூடாது.
✅ படகில் எழுந்து நிற்கக் கூடாது. லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றக் கூடாது.
✅ பொழுது சாய்ந்த பிறகு கரையோரம் போகக் கூடாது.

16/
❌ பிஸ்கட், கோழிக்கறி என்று எதையும் தண்ணீரில் போடாதீர்கள். மனிதன் வந்தால் சோறு வரும் என்று பழகிய முதலைதான் மிக ஆபத்தானது. ஃபுளோரிடாவில் அலிகேட்டருக்கு உணவு போடுவது சட்டப்படி குற்றம்.

❌ தண்ணீரோரம் குப்புறப் படுத்து, பறவையின் கண் மட்டத்தில் படம் எடுக்கும் தம்பிகளே, உங்களுக்குத்தான். முதலை உள்ள இடத்தில் அந்தக் கோணம் வேண்டாம். லென்ஸில் கண்ணை வைத்தவருக்கு முன்னால் நடப்பது தெரியாது.

17/
"தண்ணி அமைதியாத்தானே இருக்கு, ஒண்ணும் தெரியலையே" என்பது பாதுகாப்பு இல்லை. கண்ணும் மூக்குத் துவாரமும் மட்டும் வெளியே தெரிய அது கிடக்கும். அதுவும் இல்லாமல் அரை மணி நேரத்துக்கு மேல் முழுக்க மூழ்கியும் இருக்கும். அதன் தாடையில் உள்ள நுண்ணிய புள்ளிகள் தண்ணீரின் சின்ன அதிர்வைக்கூட உணரும். நீங்கள் அதைப் பார்ப்பதற்கு முன் அது உங்களை அறிந்துவிடும்.

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை சதுப்புநில முதலை கரையில் குழி தோண்டி முட்டையிடும் காலம். தாய் பக்கத்திலேயே இருக்கும். மணல்திட்டில் இறங்கி நடக்காதீர்கள்.

18/
எல்லாம் மீறிக் கடித்துவிட்டால்?

முதலில் எல்லோரும் தண்ணீரை விட்டு வெளியே. சுத்தமான துணியால் காயத்தை நேரடியாக அழுத்திப் பிடியுங்கள். இடையில் எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. உடனே 108.

அழுத்தியும் நிற்காமல் ரத்தம் பீய்ச்சினால் மட்டும், காயத்துக்கு மேலே அகலமான துணியால் இறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மஞ்சள் தூள், காபித் தூள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள்.

19/
"பல்லு லேசாத்தான் பட்டுச்சு" என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். வெளியே சின்ன ஓட்டை, உள்ளே ஆழமான காயம், நசுங்கிய தசை, சில நேரம் எலும்பு முறிவு. ஏரோமோனாஸ் போன்ற நீர்வாழ் பாக்டீரியாக்கள் உள்ளே போய்ச் சீழ் பிடிக்கும். டெட்டனஸ் ஊசி, ஆன்டிபயாட்டிக், தேவைப்பட்டால் அறுவை சிகிச்சை வேண்டும்.

முதலைக் கடிக்கு வெறிநாய்க்கடி ஊசி தேவையில்லை. ரேபிஸ் பாலூட்டிகளால் வருவது. ஆனால் கண்மாய்க் கரையில் நாய் கடித்தால் அந்த ஊசி கட்டாயம்.

20/
பாம்பு கடித்தால் கீறாதே, உறிஞ்சாதே, இறுக்கிக் கட்டாதே. கடிபட்ட காலை அசைக்காமல் அரசு மருத்துவமனைக்கு வா. விஷமுறிவு மருந்து இலவசம். நூறு தடவை சொல்லியாச்சு, நூற்றி ஒன்றாவது தடவையாக இங்கேயும்.

21/
இனி இந்த இழையின் முக்கியமான பகுதி.

நான் சொன்ன விதி எல்லாம் டிக்கெட் வாங்கிப் போய்விட்டுச் சாயங்காலம் வீடு திரும்புபவர்களுக்கு. சிதம்பரம் பக்கம் பழைய கொள்ளிடம் கரையில் வேளக்குடி, பழையநல்லூர், அகரநல்லூர் போன்ற ஊர்களில் வாழும் மக்களிடம் போய் "5 மீட்டர் தள்ளி நில்லுங்க" என்று சொன்னால் சிரிப்பார்கள். அவர்களுக்குத் துணி துவைக்க, மாடு குளிப்பாட்ட, மீன் பிடிக்க அதே தண்ணீர்தான். அங்கே முதலை கடித்துக் காயமும் மரணமும் நடந்திருக்கின்றன.

22/
அந்த மக்கள் கோபத்தில் "பிடிச்சுட்டுப் போங்க" என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஊருக்குள் வந்த முதலையை வனத்துறை பிடித்து வக்காரமாரி நீர்த்தேக்கத்தில் விடுகிறது. வீட்டு வாசலுக்கு வந்ததைப் பிடிக்கத்தான் வேண்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் ஆற்றில் கிடப்பதை எல்லாம் பிடித்து வேறிடத்தில் விடுவது தீர்வாகாது. ஒன்றைப் பிடித்தால் அந்த இடத்துக்கு இன்னொன்று வரும். பிடித்ததும் திரும்பி வரப் பார்க்கும். ஆஸ்திரேலியாவில் தூக்கிக்கொண்டு போய் விடப்பட்ட ஒரு உவர்நீர் முதலை, 400 கிலோமீட்டருக்கு மேல் நீந்திப் பழைய இடத்துக்கே வந்ததை 2007இல் செயற்கைக்கோள் கருவி மூலம் பதிவு செய்திருக்கிறார்கள்.

23/
"அப்போ மனுஷ உயிரைவிட முதலை பெரிசா டாக்டர்?"

இல்லை. எனக்கு மனித உயிர்தான் பெரிது. அதனால்தான் சொல்கிறேன், உயிரைக் காப்பாற்றுகிற வழியைக் கேளுங்கள்.

இலங்கையில் மாத்தறை பக்கம் நில்வளா கங்கையில், குளிக்கும் துறையைச் சுற்றி ஆற்றுக்குள் கம்புகளும் இரும்புக் கம்பிகளும் நட்டுத் தடுப்பு வைத்திருக்கிறார்கள். தடுப்புக்குள் மக்கள், வெளியே முதலை. ஒடிசாவின் பிதர்கனிகாவில் 1,700க்கு மேல் உவர்நீர் முதலைகள். அங்கேயும் வனத்துறை படித்துறைகளுக்குத் தடுப்பு போடுகிறது. முதலை முட்டையிடும் மே முதல் ஜூலை வரை பூங்காவையே சுற்றுலாப் பயணிகளுக்கு மூடிவிடுகிறது.

24/
கொள்ளிடக் கரைக்கு நான் கேட்பது இவ்வளவுதான்:

🔹 ஒவ்வொரு படித்துறைக்கும் கம்பித் தடுப்பு.
🔹 ஆற்றுக்கே போகத் தேவையில்லாதபடி வீட்டுக்கு வீடு குழாய்த் தண்ணீர், கழிப்பறை.
🔹 மாடு குளிப்பாட்டத் தனித் தொட்டி.
🔹 பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் காயத்தைக் கட்டி, ரத்தத்தை நிறுத்தி, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் பயிற்சி.
🔹 கடிபட்டவருக்கு அலையவிடாமல் இழப்பீடு.

முதலையைப் பிடிப்பது ஒரு நாள் செய்தி. குழாய் வந்தால் அந்த வீட்டுப் பெண் தினமும் ஆற்றில் இறங்க வேண்டியதில்லை.

25/
1970களில் இந்தியாவில் முதலைகள் தோலுக்காக வேட்டையாடப்பட்டு அழிவின் விளிம்புக்குப் போயின. 1972 வனவிலங்குச் சட்டமும் 1975இல் தொடங்கிய முதலைப் பாதுகாப்புத் திட்டமும்தான் மீட்டன. மீட்டது நல்ல காரியம். ஆனால் அதன் விலையைக் கரையோர ஏழை மட்டும் கொடுக்கக் கூடாது. சரணாலயத்தில் படம் எடுத்துப் பதிவு போடுகிற நாமும் அவர்களுக்காகப் பேச வேண்டும்.

26/
ரங்கனதிட்டு போகிறவர்கள் தைரியமாகப் போங்கள், விதிகளோடு. அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் ஒரு காலையில் வேட்டங்குடிக்கு வாங்க. காரைக்குடியிலிருந்து காலையில் கிளம்பி மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிடலாம். ஹாரன் அடிக்காதீங்க, பாட்டுப் போடாதீங்க, கூட்டுக்குப் பக்கத்தில் டிரோன் பறக்க விடாதீங்க.

சிதம்பரம், அணைக்கரை பக்கத்துச் சொந்தங்கள் இருந்தால், உங்க ஊர்ப் படித்துறைக்குத் தடுப்பு இருக்கா, இல்லையா என்று கமெண்ட்டில் எழுதுங்க.


அரசு மருத்துவர், காரைக்குடி