'தன்னையறியாமல்' என்னும் ஒரு சொல்லைப் பற்றி

நீண்ட பதிவு. நேரமுள்ளோர் படிக்கலாம்.

சென்ற விடுமுறையில் என் சித்தி மகள் மட்டாஞ்சேரி வீட்டுக்கு வந்திருந்தாள். கல்லூரியில் முதலாமாண்டு படிக்கிறாள். உடன் படிக்கும் ஒருவன் இரண்டு மாதங்களாகப் பேருந்து நிறுத்தம் வரை அவளைப் பின்தொடர்கிறான். ஒருநாள் கையிலிருந்த கைபேசியைப் பிடுங்கி, யாரோடு பேசுகிறாள் என்று பார்த்திருக்கிறான். நான் பதறினேன். அவள் சிரித்தாள். "அவன் ஆன்ட்டி ஹீரோ டைப், அக்கா. உள்ளுக்குள்ள பாசம்தான்."

இந்த வகைப்பாடு அவளுக்கு எங்கிருந்து கிடைத்தது என்று நான் கேட்கவில்லை. அவள் செயலியில் அன்றாடம் படிக்கும் காதல் தொடர்களை நானும் படித்துவருகிறேன்.

வெளியே நின்று இவ்வெழுத்தை எள்ளும் உரிமை எனக்கில்லை. மலையாளப் பள்ளியில் படித்த எனக்குத் தமிழ் எழுத்து வசப்பட்டதே, அம்மா கோவைக்குப் போகும்போதெல்லாம் கட்டாக வாங்கிவரும் நாவல்களால்தான். எழுத்துக்கூட்டி நான் முடித்த முதல் முழு நூல் ரமணிசந்திரனின் 'வளை ஓசை'. 150க்கும் மேற்பட்ட நாவல்களை எழுதி, தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் புலம்பெயர்ந்தோர் வீடுகளிலும் பெண்களைப் படிக்க வைத்த ஒருவரின் பெயரை நம் கருத்தரங்குகளில் உச்சரிக்கவே கூசுகிறோம். இங்கே மலையாளத்தில் நிலைமை இன்னும் எளிது. முட்டத்து வர்க்கியின் 'பாடாத்த பைங்கிளி' என்ற தலைப்பிலிருந்து ஒரு வசைச்சொல்லை உருவிக்கொண்டார்கள். 'பைங்கிளி' என்று சொல்லிவிட்டால் அப்புறம் படிக்க வேண்டியதில்லை. தமிழில் அதற்கு ஈடான ஒற்றைச் சொல் இல்லை. படிக்காமலிருக்க நமக்குச் சொல்கூடத் தேவைப்படவில்லை போலும்.

ஆகவே 'ஒரே கதையைத் திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள்' என்ற வழக்கமான குற்றச்சாட்டோடு நான் வரவில்லை. அகப்பாடல்களைப் பாடமாகப் படித்தவர்கள் அதைச் சொல்வது வேடிக்கை. ஐந்து நிலம், ஐந்து ஒழுக்கம், பெயரில்லாத தலைவன், பெயரில்லாத தலைவி, தோழி, செவிலி. இந்தச் சட்டகத்துக்குள் நூற்றுக்கணக்கான புலவர்கள் திரும்பத் திரும்பப் பாடினார்கள். மரபு என்பதே திரும்பக் கூறல்தான். எது திரும்ப வருகிறது என்பதே என் கேள்வி.

திரும்ப வருவது ஒரு சொல்: 'தன்னையறியாமல்'. 'தன்னையும் மீறி' என்பது அதன் உடன்பிறப்பு. என் பிரதிகளில் பென்சிலால் அடிக்கோடிட்டுவந்தபோதுதான் கண்ணில் பட்டது. அவன் இழுக்கிறான், பற்றுகிறான், மிரட்டுகிறான், கட்டாயத் தாலி கட்டுகிறான். எல்லாம் செயப்படுபொருள் குன்றா வினைகள், எழுவாய் அவன். அவளிடம் வந்தால் எழுவாய் இடம்பெயர்கிறது. கன்னம் சிவக்கிறது, இதழ் துடிக்கிறது, உடல் இளகுகிறது. உணர்ச்சியை நான்காம் வேற்றுமையில் வைத்து 'அவளுக்குக் கோபம் வந்தது' என்பது தமிழின் இயல்பு. அதில் குறையில்லை, அவனுக்கும் கோபம் அப்படித்தான் வரும். ஆனால் அவனுக்குச் செயலும் உண்டு. அவள் ஒருமுறை கைநீட்டி அவன் தோளைத் தொட்டாலும், அந்த வினைக்கு முன் 'தன்னையறியாமல்' வந்து நின்றுவிடும். விரும்புதல் என்ற வினையை அவள் அறிந்து செய்யவே கூடாது. அவள் வாய் மறுக்கும், உடல் இசையும், கதை உடலின் பக்கம் சாட்சி சொல்லும். நாற்பதாவது அத்தியாயத்தில் அவன் சிறுவயதுக் காயம் வெளிப்பட்டதும், முதல் அத்தியாயத்தின் வன்முறைக்குப் பின்தேதியிட்ட சம்மதம் வழங்கப்படும்.

ரமணிசந்திரனை இதில் முழுதாகச் சேர்ப்பது நியாயமன்று. தவறான புரிதல், பணக்கார நாயகன், சூழ்ச்சிக்காரி என்ற வாய்ப்பாடு அவரிடம் உண்டு. ஆனால் அவர் நாயகி வாதாடுவாள், தன்மானத்தோடு வீட்டைவிட்டு வெளியேறவும் செய்வாள். இன்றைய ஆன்ட்டி ஹீரோ தொடர்கள் அந்த வாய்ப்பாட்டிலிருந்து தன்மானத்தைக் கழித்துவிட்டு, முரட்டுத்தனத்தைப் பெருக்கிக்கொண்டன. என் ஏமாற்றம் இதில்தான். பதிப்பாளர் தயவு வேண்டாத, பக்க வரம்பற்ற, பெண்களே எழுதிப் பெண்களே படிக்கும் ஓர் இடம் வரலாற்றில் இப்போதுதான் கிடைத்திருக்கிறது. வை.மு. கோதைநாயகி அம்மாள் 'ஜகன்மோகினி'யை நடத்திய காலத்தில் இந்த வசதியைக் கனவிலும் நினைத்திருக்க முடியாது. கிடைத்த இடத்தில் நாம் கட்டியது இதே வீட்டை, முன்னைவிடச் சிறிய சன்னலோடு.

எதிர்வாதம் தெரியும். என் துறை நண்பர் ஒருவர் ஜானிஸ் ராட்வேயின் 1984ஆம் ஆண்டு நூலை நீட்டுவார்: காதல் நாவல் படிப்பது குடும்பப் பணிகளிலிருந்து பெண் தனக்கென்று பறித்துக்கொள்ளும் நேரம்; அதைக் கண்டிப்பது மேட்டிமைத்தனம். நேரத்தைப் பற்றி அவர் சொன்னது உண்மை, என் அம்மாவே சான்று. ஆனால் அந்நூலை இறுதிவரை படிக்க வேண்டும். ராட்வே நேர்கண்ட வாசகிகள் தேர்ந்தவர்கள். வன்புணர்ச்சியும் கொடூரமான நாயகனும் வரும் கதைகளை வெறுத்து ஒதுக்கியவர்கள். வாசகியின் பெயரால் வக்காலத்து வாங்குவோர் அவள் சொன்ன 'வேண்டாம்' என்பதைக் கேட்காமல் விடுகிறார்கள். நாயகனும் அதைத்தானே செய்கிறான்.

நம் மரபுக்கும் இதில் ஒரு நிலைப்பாடு உண்டு. தொல்காப்பியத்தைப் பெண்விடுதலை நூலாக்கும் எண்ணம் எனக்கில்லை. தலைவி தன் வேட்கையைத் தலைவன்முன் சொல்லலாகாது என்று விதித்த நூல் அது. ஆனாலும் எண்வகை மணத்துள் மனமொத்த கந்தருவத்தைத்தான் களவுக்கு ஒப்பாகச் சொன்னது. வலிந்து கவரும் இராக்கதத்தை உரையாசிரியர்கள் அன்பின் ஐந்திணைக்குள் விடாமல், கைக்கிளையின்பாற் படுத்தினார்கள். அவர்கள் வாசலில் நிறுத்தியதை நாம் நடுக்கூடத்தில் உட்கார வைத்திருக்கிறோம்.

இதையெல்லாம் எளிமையாக்கித் தங்கையிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். பிறகு கேட்டாள்: "பிடிச்சிருக்குன்னு அவளே தெரிஞ்சு சொல்லிட்டா, அப்புறம் கதை எப்படி ஓடும்?"

எந்த ஆய்வரங்கிலும் இவ்வளவு கூரிய கேள்வியை நான் எதிர்கொண்டதில்லை. குறுந்தொகையை எடுத்து உட்கார்ந்தேன். அங்கே தலைவிக்குத் தன் மனம் தெரியும். தோழியிடம் சொல்லவும் செய்கிறாள். கதை நின்றுவிடவில்லை. ஊர் அலர் தூற்றுகிறது, தாய் இற்செறிக்கிறாள், அவன் பொருள்தேடிப் போகிறான், சொன்ன பருவத்தில் வரவில்லை. தடைகள் எல்லாம் அவள் மனத்துக்கு வெளியே இருக்கின்றன. இப்படி ஒரு தொடரை யாராவது எழுதினால் படிப்பாயா என்றேன்.

யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். பின்தொடர்பவனைப் பற்றிக் கல்லூரியில் முறையிடலாம் என்றதற்கும் அதே பதில்தான். ஊருக்குத் திரும்பிவிட்டாள். அவள் படிக்கும் தொடருக்கு அடுத்த யூடி வெள்ளிக்கிழமை வருகிறது, நானும் காத்திருக்கிறேன்.