பிரிந்து பிறந்ததை வாங்குங்கள்

ஹாரோவில் இருக்கும் என் மருமகன் போன வாரம் தொலைபேசியில் பிடித்துக்கொண்டான். "மாமா, தண்ணி சரி, லைட்டும் வந்திட்டுது. அனிமோன் ஒண்டு வாங்கிப் போட்டா என்ன? இன்னும் எவ்வளவு நாள் பாத்துக்கொண்டிருக்கிறது?" அவன் உப்புத்தண்ணீர்த் தொட்டி வைத்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. இரண்டு கோமாளி மீன்கள் நீந்துகின்றன. அவற்றுக்கு வீடாக அனிமோன், அதாவது கடற்சாமந்தி, வேண்டும் என்பது அவனுடைய ஆசை.

பொறு என்றேன். சோதனைக் குப்பியில் அமோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியம் காட்டினால் மீன் விடலாம். அனிமோனுக்கு அது போதாது. பாறையிலும் மணலிலும் நுண்ணுயிர்கள் நிலைபெற வேண்டும். உப்பின் அடர்த்தி 1.025, 1.026 என்ற அளவிலும், வெப்பம் 25, 26 டிகிரியிலும் மாதக்கணக்கில் அசையாமல் நிற்க வேண்டும். அனுபவமுள்ளவர்கள் குறைந்தது ஆறு மாதம் என்பார்கள். ஒரு வருடம் என்பவர்கள்தான் சரி என்பது என் கருத்து.

லண்டனில் இது இன்னும் கடினம். இங்கே குழாய்த் தண்ணீர் சுண்ணாம்புப் பாறையில் ஊறி வருவது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதை எல்லோரும் பார்க்கிறோம். அதோடு குளோரினும் நைட்ரேட்டும் சேர்ந்து வருகின்றன. எனவே ஆர்.ஓ. இயந்திரத்தில் வடித்த தண்ணீரில்தான் உப்புக் கலக்க வேண்டும். குளிரைச் சமாளிக்க ஹீட்டர் உண்டு, கோடைக்கு என்ன செய்வது? 2022 ஜூலை 19 அன்று ஹீத்ரோவில் 40.2 டிகிரி பதிவானது. நம் வீடுகளில் பெரும்பாலும் ஏசி கிடையாது. அனிமோனின் சதைக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. ஒளியில் அவை ஆக்கும் உணவில்தான் அது பெரும்பாலும் வாழ்கிறது. சூடு ஏறினால் அந்தப் பாசிகளையே வெளியேற்றிவிட்டு, வெளுத்துப்போய் நாளடைவில் பட்டினி கிடக்கும்.

கடலை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளும் இந்த ஆசை உருவான ஊர்களில் லண்டனும் ஒன்று. 1846இல் ஆனா தைன் என்ற பெண்மணி டார்க்கீ கடற்கரையிலிருந்து பவள உயிர்களை வெஸ்ட்மின்ஸ்டரில் இருந்த தன் வீட்டுக்குக் கொண்டுவந்தார். பம்பு இல்லாத காலம். திறந்த ஜன்னலருகே நின்று, கடல்நீரைப் பாத்திரம் மாற்றிப் பாத்திரம் ஊற்றிக் காற்றுக் கலக்கச் செய்தார்கள். அந்த வேலை வீட்டுப் பணிப்பெண்ணின் தலையில் விழுந்தது. பவளங்கள் பிழைத்ததில் அவள் கைக்குப் பெரும் பங்கு உண்டு; அவள் பெயரை நாம் அறிய முடியாமல் போனது எனக்கு வருத்தம். 1845இல் கண்ணாடி மீதான வரி நீங்கியது, ரயில் கடற்கரைகளை எட்டியது. 1853இல் ரீஜண்ட்ஸ் பார்க் விலங்குக்காட்சி சாலையில் உலகின் முதல் பொதுக் கடல்வாழ் உயிர்க் காட்சி திறந்தது. அதற்கு உயிர்களைச் சேகரித்துத் தந்த ஃபிலிப் ஹென்றி காஸ் அடுத்த ஆண்டு எழுதிய நூல் நாட்டையே தொட்டி வைக்கத் தூண்டியது. பின்னர் பிரிட்டனின் கடற்சாமந்திகளுக்கென்றே தனி நூலும் எழுதினார்.

விளைவு என்ன? கூடையும் உளியுமாகக் கூட்டம் கரைக்குப் படையெடுத்தது. தந்தை நேசித்த பாறைக் குட்டைகள் அவருடைய நூல்களாலேயே சூறையாடப்பட்டதை மகன் எட்மண்ட் காஸ் 1907இல் மனம் நொந்து எழுதினார்.

அந்தச் சூறை இன்று வெப்பக் கடல்களுக்கு இடம் மாறியிருக்கிறது. பிலிப்பைன்ஸின் செபு பகுதியில் நடந்த ஆய்வொன்று 2005இல் வெளியானது. தொட்டி வியாபாரத்துக்காகப் பிடிக்கும் இடங்களில் அனிமோனும் கோமாளி மீனும் மற்ற இடங்களைவிடத் தெளிவாகக் குறைந்திருப்பதை அது காட்டியது. பாறை கட்டும் பவளம் எல்லை கடக்க, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தப்படி அனுமதி வேண்டும். அந்த ஒப்பந்தத்தின் பட்டியலில் கடற்சாமந்தி இல்லை. மன்னார் வளைகுடாவிலும் இலங்கைப் பவளப்பாறைகளிலும் இந்த உயிர்கள் இருக்கின்றன. நம் கரையிலிருந்து பிய்த்தெடுத்த ஒன்று லண்டனில் ஒரு தொட்டியில் சில வாரங்களில் கரைந்துபோவதை என்னால் சகிக்க முடியாது. அதன் ஆயுள் சிறியதல்ல. ஸ்காட்லாந்துக் கரையில் சர் ஜான் டாலியெல் 1828இல் எடுத்த ஒரு கடற்சாமந்தி கைமாறிக் கைமாறி, எடின்பரோவில் 1887 வரை வாழ்ந்தது. 'கிரானி', அதாவது பாட்டி, என்றே அதை அழைத்தார்கள்.

அதனால் மருமகனுக்கு நான் சொன்னது 'பபிள் டிப்' வகை. அதன் உணர்கொம்பு நுனியெல்லாம் குமிழ்போல் உப்பும். தொட்டியிலேயே தன்னை இரண்டாகப் பிளந்து பெருகும் குணம் அதற்கு உண்டு. வேறொருவர் தொட்டியில் அப்படிப் பிரிந்த பிள்ளை கிடைக்கும்போது கடலைத் தொட வேண்டியதே இல்லை. 'நீமோ' படத்தில் வரும் வகைக் கோமாளி மீன்கள் கடலில் இந்த அனிமோனில் குடியிருப்பதில்லை, ஆனால் தொட்டியில் பல நேரம் ஏற்றுக்கொள்கின்றன. ஏற்காவிட்டாலும் குற்றமில்லை. பண்ணையில் பிறந்த கோமாளி மீன் அனிமோன் இல்லாமலே நலமாக வாழும்.

கடையில் பார்க்க வேண்டியவை: வாய் இறுகி மூடியிருக்க வேண்டும், அடிப்பாதத்தில் கிழிசல் கூடாது, நிறம் வெளுத்திருக்கக் கூடாது. பால் வெள்ளையை அழகென்று நினைத்து வாங்குகிறவர்கள் நோயாளியைத்தான் வாங்குகிறார்கள். வீட்டுக்கு வந்ததும் பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்தி, மருத்துவமனை டிரிப் மாதிரி தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாகக் கலக்க வேண்டும். பிறகு அலை பம்புகளை நிறுத்தி, பாறை இடுக்கில் பாதத்தை மெல்ல வைக்க வேண்டும். அது பிடித்துக்கொள்ளும். பிடிக்காவிட்டால் நடக்கத் தொடங்கும், வழியில் உள்ள பவளங்களைக் கொட்டும். மீண்டும் பம்பைப் போடுமுன் பம்பின் உறிஞ்சும் வாயை ஸ்பாஞ்சால் மூடாவிட்டால் அனிமோன் அதற்குள் அரைபடும், தொட்டி முழுதும் நஞ்சாகும். விளக்கைக் குறைந்த ஒளியில் தொடங்கிச் சில வாரங்களில் கூட்டலாம். முதல் சில நாள் தீனி வேண்டாம். பிறகு வாரம் ஒருமுறை சின்னத் துண்டு இறால் போதும். பெரிய துண்டைக் கக்கி, நீரைக் கெடுத்துவிடும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் கடைக்காரரிடம் ஒரு கேள்வி: "இது கடலில் எடுத்ததா, தொட்டியில் பிரிந்ததா?" நேரான பதில் வராத கடையில் வாங்காதே என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். இந்தக் கேள்வியை நூறு பேர் கேட்டால் கடைக்காரர்களின் இறக்குமதிப் பட்டியல் தானாக மாறும்.