நடுப்பெட்டி தமிழ் பேசட்டும்

ஓசூரிலும் கிருட்டிணகிரியிலும் இன்று எழும் புதுமனைகள் சிலவற்றில் திரைப்படம் காண்பதற்கென்றே தனியறை வகுக்கின்றனர். இதனைப் பகட்டென்று இகழ்வாரும் உளர். யான் இகழேன். வீட்டார் அனைவரும் ஒருங்கமர்ந்து காண்பதும் கேட்பதும் நன்றே. ஆயின், அவ்வறை அமைப்போர் கண்ணுக்கு விருந்திட்டுச் செவியைப் பட்டினி போடுகின்றனர். அதனால் முதற்கண் நலிவது மொழியே.

இல்லத் திரையரங்கில் பெரும்பாலும் ஒலிப்பெட்டிகள் ஐந்தும், ஆழ்ந்த முழக்கத்திற்கென ஆறாவது ஒன்றும் இருக்கும். இடமும் வலமும் நிற்பவை இசையைப் பரப்பும். செவிக்குப் பக்கத்தும் பின்னும் நிற்பவை மழையும் காற்றும் கூட்டத்தின் ஆரவாரமும் தரும். நடிப்போர் பேச்சிற் பெரும்பகுதி திரையின் நடுவே வைக்கும் பெட்டியிலிருந்தே வரும். நம்மவரோ நெஞ்சை அதிரவைக்கும் முழக்கப் பெட்டிக்குப் பணத்தைக் கொட்டிவிட்டு, நடுப்பெட்டியைச் சிறிதாக வாங்கிப் பேழைக்குள் திணிக்கின்றனர். பின்னர்ப் பேச்சு விளங்கவில்லையென்று ஒலியைக் கூட்டுவர். அண்டை வீட்டார் உறக்கம் கெடும். பேச்சோ அப்போதும் விளங்காது.

கருங்கல்லுக்குப் பேர்போனது நம் மாவட்டம். அதனை மெருகிட்டுத் தரையெங்கும் பதிப்பது இங்கு இயல்பு. வெறுங்கல்லும் வெறுஞ்சுவரும் ஒலியைத் திருப்பி எறியும். ஒரு சொல்லின் எதிரொலி அடுத்த சொல்லின்மேல் விழுந்தால் லகர, ளகர, ழகர வேறுபாடு செவிக்கு மங்கும். ஆகவே தரைக்குத் தடித்த விரிப்பும், சாளரத்துக்குக் கனத்த திரைச்சீலையும், பின்சுவரில் நூல் நிறைந்த நிலைப்பேழையும் வேண்டும். அடுக்கிய நூல்கள் ஒலியைச் சிதறடித்து எதிரொலியைத் தணிக்கும். அறையின் நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரே அளவாயின் ஆழ்ந்த ஒலிகள் சில மிகுந்து முழங்கும்; அதனைத் தவிர்க்க. 7 அடி அகலத் திரைக்கு ஏறத்தாழ 10 அடித் தொலைவில் இருக்கை அமையலாம். நடுப்பெட்டி அமர்ந்தோர் செவியை நோக்கியிருத்தல் வேண்டும்.

அறை செம்மையுற்றபின் அதில் ஒலிக்கும் மொழி எது? 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை தோன்றியபின் பல மாநிலத்தாரும் வந்து குழுமிய ஊர் ஓசூர். கன்னடமும் தெலுங்கும் அதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே இம்மண்ணில் தமிழோடு வாழ்பவை. அவ்வுடன்பிறப்பு மொழிகள்பால் நமக்குப் பகையில்லை. 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படமாகிய ‘காளிதாசு’விலேயே தலைவியாக நடித்த டி. பி. இராசலட்சுமி தமிழ் பேச, தலைவனாக நடித்தவர் தெலுங்கு பேசினார். அவரவர் தத்தம் மொழியிற் பேசினர், அதில் இழுக்கில்லை.

இன்றைய நிலை வேறு. இணையவழி வரும் படங்கள் பலவற்றுக்குத் தமிழ் ஒலியும் உண்டு. தொலை இயக்கியில் ஓரிரு அழுத்தம் போதும். எனினும், கருவி பொருத்தியவர் வைத்துச் சென்ற ஆங்கிலமே பல தமிழ் வீடுகளில் நிலைத்துவிடுகின்றது. பள்ளியில் ஆங்கிலம், ஆலையிலும் தெருவிலும் பன்மொழி. பிள்ளையின் செவிக்குத் தமிழ் எஞ்சியிருக்கும் இடம் வீடொன்றே. அங்கும் அதனை வாயிலுக்கு வெளியே நிறுத்தலாமோ?

மொழிமாற்றுத் தமிழில் கலப்பும் கொச்சையும் மலிந்துள்ளன என்பர். உண்மையே. கேட்பார் பெருகிக் குறை கூறினால்தான் அது திருந்தும். கேட்பாரற்ற தமிழைத் திருத்த எவர் முன்வருவர்? பிறமொழிப் படத்தை எடுத்த மொழியிலேயே சுவைக்க விழைவோர், திரையின் அடியில் தமிழ் எழுத்துரையேனும் ஓடவிடுக. பிள்ளை எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகும்.

அறை அமைக்கும் அன்பர்களே! திரையை ஓர் அளவு குறைத்தேனும் நடுப்பெட்டியை நல்லதாய் வாங்குக. கருவியை ஏற்றுக்கொள்ளும் நாளிலேயே அதன் முதல் மொழியாகத் தமிழை அமைக்கச் சொல்லுக. பின்சுவர்ப் பேழையைத் தமிழ் நூல்களால் நிரப்புக. அவை ஒலியையும் காக்கும். படம் முடிந்தபின் கைக்கும் எட்டும்.